பெங்களூர்ல ஒரே நாள்ல எட்டு எடம் பாத்துட்டு வர முடியுமா?

காவேரிப்பட்டணத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. ஸ்கூல் லீவு, ஏழாவது படிக்கிற பையன், மூணாவது படிக்கிற பொண்ணு, கூட தம்பியோட அம்மாவும் வராங்க, அவங்களுக்கு முட்டி வலி. காலைல கெளம்பி பெங்களூர் போய் விஸ்வேஸ்வரய்யா அறிவியல் மியூசியம், கவர்மெண்ட் மியூசியம், லால்பாக், பேலஸ், திப்பு அரண்மனை, பிளானட்டோரியம், ஹெச்ஏஎல் விமான மியூசியம், பன்னேர்கட்டா எல்லாம் பாத்துட்டு நைட்டு வீடு வந்து சேந்துடலாமா, எந்த வரிசைல போனா சரியா வரும்னு கேக்கறாரு.

வந்து சேந்துடலாம் தம்பி, அதுல ஒண்ணும் பிரச்சனை இல்ல. பாத்தோம்னு மட்டும் சொல்ல முடியாது.

நான் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கவர்மெண்ட் ஸ்கூல்ல வாத்தியாரா இருக்கேன், வருஷா வருஷம் புள்ளைங்கள பெங்களூர் கூட்டிட்டு போறது என் தலைல விழுந்த வேல, அதனால இந்த விஷயத்துல அடிபட்ட அனுபவம் கொஞ்சம் அதிகம். மொத தடவ போனப்ப நானும் இதே மாதிரிதான் எட்டு எடம் எழுதி வெச்சிருந்தேன். காலைல நாலரைக்கு பஸ்ஸ எடுத்தோம், அத்திப்பள்ளில கொஞ்ச நேரம், சில்க் போர்டுல ரொம்ப நேரம், உள்ள போனா ஒவ்வொரு எடத்துலயும் எறங்கு, வரிசைல நில்லு, எண்ணு, டிக்கெட் எடு, உள்ள ஓடு, வெளிய ஓடு, திரும்ப எண்ணு, அதுல ஒருத்தன் பாத்ரூம் போயிட்டான்னு இருபது நிமிஷம். மறுநாள் கிளாஸ்ல "நேத்து என்ன பாத்தீங்கன்னு எழுதுங்க"ன்னேன். பாதிப் பேரு பாப்கார்ன் பத்தி எழுதியிருந்தாங்க. ஒருத்தன் ஒரு பக்கம் முழுக்க நம்ம டிரைவரும் ஒரு ஆட்டோக்காரரும் சிக்னல்ல போட்ட சண்டைய எழுதியிருந்தான், ரொம்ப நல்லா எழுதியிருந்தான், கன்னடத்துல திட்டினத கூட தமிழ் எழுத்துல எழுதியிருந்தான். மியூசியம் பத்தி ஒரு வரி இல்ல. அன்னிக்கு முடிவு பண்ணேன், இனிமே ஒரு நாளைக்கு ஒரு ரோடுதான்னு.

அந்த ரோடு எதுன்னா கஸ்தூர்பா ரோடு. விஸ்வேஸ்வரய்யா மியூசியமும் கவர்மெண்ட் மியூசியமும் ஒரே ரோட்டுல, ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு நடந்தே போயிடலாம், பின்னாடி கப்பன் பார்க். நடுவுல பஸ் வேணாம் ஆட்டோ வேணாம். உங்க லிஸ்ட்ல மத்ததெல்லாம் திசைக்கொண்ணா இருக்கு: ஹெச்ஏஎல் பழைய ஏர்போர்ட் ரோடு பக்கம், பேலஸ் வசந்த் நகர் பக்கம், பன்னேர்கட்டா ஊருக்கு வெளிய, அது ஒண்ணுக்கே ஒரு நாள் வேணும் (செவ்வாக்கெழம லீவு வேற). பேலஸ் எல்லாம் என்னைக் கேட்டா டிக்கெட் காசுக்கு வொர்த் இல்ல, சின்னப் பசங்களுக்கு அங்க கை வைக்க ஒண்ணும் கெடையாது, எல்லாம் கயிறு கட்டி "தொடாதே"தான்.

போற வழி. கிருஷ்ணகிரில இருந்து பெங்களூர் சுமார் 90 கிலோமீட்டர், நமக்குத்தான் ரயில் கெடையாது, திருப்பத்தூர்ல இருந்து வந்துட்டிருந்த சின்ன ரயில் தண்டவாளத்த வெள்ளக்காரன் பிடுங்கிட்டு போனதோட சரி, அந்தக் கதைய ஆரம்பிச்சா முடியாது. பஸ்லயே போங்க, ஆனா மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் உக்காந்துட்டு இருக்காதீங்க. 2025 ஆகஸ்ட்ல இருந்து மெட்ரோ மஞ்சள் லைன் ஓடுது, பொம்மசந்திரால ஆரம்பிச்சு எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு வழியா ஆர்வி ரோடு வரைக்கும் 19 கிலோமீட்டர், 16 ஸ்டேஷன். நம்ம பஸ்ஸு போற அதே ஓசூர் ரோட்டு மேலதான் போகுது. ஓசூர் தாண்டினதும் கண்டக்டர் கிட்ட சொல்லி வெச்சு பொம்மசந்திரால எறங்கிடுங்க, எலக்ட்ரானிக் சிட்டில பாத்துக்கலாம்னு விட்டா சில பஸ்ஸு நேரா மேம்பாலம் ஏறிடும், அப்புறம் சில்க் போர்டுலதான் கீழ எறங்கும். ஆர்வி ரோட்டுல பச்சை லைன் மாறுங்க, மெஜஸ்டிக்ல ஊதா லைன் மாறுங்க, அங்கிருந்து மூணாவது ஸ்டேஷன் கப்பன் பார்க்.

இதுல ஒரு குழப்பம் இருக்கு, கவனமா கேளுங்க. மெஜஸ்டிக் தாண்டினதுமே மொத ஸ்டேஷன் பேரு சர் எம் விஸ்வேஸ்வரய்யா. பேரக் கேட்டதும் மியூசியம் இங்கதான்னு நெனச்சு நம்ம ஆளுங்க குடும்பத்தோட எறங்கிடறாங்க. மியூசியம் அங்க இல்ல. கப்பன் பார்க்ல எறங்கணும், எறங்கி பத்து பதினஞ்சு நிமிஷ நடை. அம்மாவுக்கு மட்டும் அங்கிருந்து ஆட்டோ வெச்சுக்கோங்க.

தருமபுரி ஆளுங்க யாராவது இதப் படிச்சா, உங்களுக்கு ரயில் இருக்கு, பாலக்கோடு, ராயக்கோட்டை, கெலமங்கலம் வழியா போகும், ராயக்கோட்டை கிட்ட போறப்ப புள்ளைங்கள ஜன்னல் பக்கம் உக்கார வெச்சு அந்த மலைக் கோட்டையக் காட்டிடுங்க. 1791-ல இங்கிலீஷ்காரன் மார்ச்ல பெங்களூர் கோட்டையப் பிடிச்சான், ஜூலைல ராயக்கோட்டையப் பிடிச்சான், அடுத்த வருஷம் உடன்படிக்கை போட்டு நம்ம பாரமகால் (தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் சீமைக்கு அப்ப இருந்த பேரு) மொத்தத்தையும் திப்பு கிட்ட இருந்து எழுதி வாங்கிட்டான். பெங்களூர்ல கேஆர் மார்க்கெட் பக்கத்துல இருக்கற திப்புவோட மர அரண்மனை கட்டி முடிஞ்சதும் அதே 1791-தான். வீடு கட்டி முடிச்ச வருஷமே ஊரு கையவிட்டுப் போச்சு. அந்த அரண்மனை சின்னதுதான், அர மணி நேரம் போதும், இன்னொரு தடவ போறப்ப பாத்துக்கலாம்.

சரி, மியூசியத்துக்கு வருவோம். காலைல மொதல்ல விஸ்வேஸ்வரய்யாவுக்கே போங்க, ஒம்போதரைக்கு தொறப்பாங்க, தொறக்கறப்பவே நின்னா கூட்டம் இல்லாம பாக்கலாம், பதினோரு மணிக்கு மேல ஸ்கூல் பஸ்ஸுங்க வரிசையா வந்து நிக்கும் (எங்க பஸ்ஸையும் சேத்துதான் சொல்றேன்). கட்டடத்த 1962-ல நேரு தொறந்து வெச்சாரு, மொத கேலரி 1965-ல மக்களுக்குத் தொறந்தாங்க. வாசல்லயே ஒரு போர் விமானம் நிக்கும், மாருத்னு பேரு, அத யாரும் கண்டுக்கறதில்ல, அது முன்னாடி செல்ஃபி எடுத்துட்டு உள்ள ஓடிடறாங்க. இந்தியாவுல டிசைன் பண்ணி பறக்க விட்ட மொத ஜெட் போர் விமானம் அதுதான், 1961 ஜூன்ல மொத தடவ பறந்துச்சு, டிசைன் பண்ணது குர்ட் டாங்க்னு ஒரு ஜெர்மன் இன்ஜினியர், ரெண்டாம் உலகப் போர்ல ஜெர்மனிக்கு விமானம் பண்ணிக் கொடுத்தவரு, அவர இங்க கூட்டிட்டு வந்து பெங்களூர்ல உக்கார வெச்சு பண்ணாங்க. பையன் கிட்ட இத சொல்லுங்க, அப்புறம் உள்ள ரைட் பிரதர்ஸ் 1903-ல பறந்த விமானத்த அதே சைஸ்ல செஞ்சு வெச்சிருக்கறதக் காட்டுங்க. மொத தடவ அது பறந்தது 12 செகண்டு, 120 அடி தூரம். நம்ம ஸ்கூல் கிரவுண்டையே தாண்டாதுங்க அது. மரச் சட்டமும் துணியுமா இருக்கற அந்த விமானத்துல இருந்து வாசல்ல நிக்கற மாருத்துக்கு வர 58 வருஷம்தான் ஆயிருக்கு, அந்தக் கணக்க பையனையே போட சொல்லுங்க.

பொண்ணுக்கு டைனோசர் புடிக்கும், தலைய ஆட்டி உறுமும், பாக்கற புள்ள ஒண்ணு பயந்து அழும், இல்ல அங்கிருந்து நகராது. எனக்குப் புடிச்சது அங்க இருக்கற உருளுற பந்து. பந்து மேல இருந்து கம்பித் தடத்துல உருண்டு வரும், சுத்தும், தட்டும், ஒண்ண ஒண்ணு தள்ளும், திரும்ப மேல போகும். விஷயம் அவ்ளோதான். என் பொண்ணு ரெண்டாவது படிக்கறப்ப அது முன்னாடி நாப்பது நிமிஷம் நின்னா. நானும் மத்த வாத்தியாருங்க மாதிரி "வா வா அடுத்தது பாக்கணும்"னு கையப் பிடிச்சு இழுத்தேன், அப்ப அவ கேட்டா, "அப்பா, எந்தப் பந்தும் மொத கெளம்பின ஒசரத்துக்கு மேல ஏறவே மாட்டேங்குது, ஏன்?" ஒம்போதாவது பாடத்துல ஆற்றல் அழிவின்மை விதின்னு நான் போர்டுல எழுதிப் போட்டு மனப்பாடம் பண்ண வெக்கறத அவ நின்னு பாத்தே புடிச்சுட்டா. அன்னில இருந்து யாரு எது முன்னாடி நின்னாலும் நான் இழுக்கறதில்ல, மிச்சம் நாலு கேலரி பாக்கலன்னா போகட்டும். அங்க பட்டன் அமுக்கினா ஓடாத எக்சிபிட்டும் ரெண்டு மூணு இருக்கத்தான் செய்யும், எத்தன ஆயிரம் கை ஒரு நாளைக்கு அதக் குத்தும், அதுக்கு கோவப்பட்டு பிரயோஜனம் இல்ல.

மதியம் ஒரு மணி வரைக்கும் அங்கயே இருங்க. உள்ள கேன்டீன் இருக்கு, ஆனா நான் சொல்றது புளிசோறோ தயிர்சோறோ கட்டிட்டு போய் கப்பன் பார்க்ல மரத்தடில உக்காந்து சாப்புடறது. உங்க ஊரு நிப்பட்டு (அதான் தட்டை) ரெண்டு பாக்கெட் எடுத்துட்டு போங்க, பெங்களூர்ல கெடைக்கறதெல்லாம் நிப்பட்டே இல்ல. சாப்பாட்டுப் பை, பெரிய பை எதையும் கேலரிக்குள்ள விட மாட்டாங்க, ஒரு சின்னப் பைல தண்ணியும் பர்ஸும் வெச்சுக்கோங்க.

சாப்ட்டுட்டு கவர்மெண்ட் மியூசியம், அந்த செவப்புக் கட்டடம். பசங்களுக்கு போரடிக்கும்னு எல்லாரும் தாண்டிப் போற எடம் இதுதான், நான் இதுக்குத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

ஆனா இங்க போறதுக்கு முன்னாடி ஒரு வேல பண்ணணும், பெங்களூர் போறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே. தருமபுரி அகழ்வைப்பகம் தெரியுமா, பைபாஸ் ரோட்டுல, தொல்லியல் துறையோடது, அந்த வழியா நூறு தடவ பஸ்ல போயிருப்பீங்க. உள்ள நம்ம சுத்துப்பட்டுல கெடச்ச நடுகல்லுங்கள, அதான் சண்டைல செத்த வீரனுக்கு நட்ட கல்லுங்கள, கொண்டாந்து வெச்சிருக்காங்க. இல்லன்னா கிருஷ்ணகிரி காந்தி ரோட்டுல இருக்கற அரசு அருங்காட்சியகம், அங்கயும் இருக்கு. ஒரு மணி நேரம் ஒதுக்கி புள்ளைங்களக் கூட்டிட்டு போய், ஒரே ஒரு கல்லு முன்னாடி உக்கார வெச்சு, அவன் கைல என்ன வெச்சிருக்கான், எந்தப் பக்கம் திரும்பி நிக்கறான், உடம்புல அம்பு எத்தன குத்தியிருக்கு, கால் கிட்ட என்ன இருக்குன்னு எண்ண சொல்லுங்க. பாதிக் கல்லுல மாட்டுக்காக செத்த கதைதான் இருக்கும், கல்லுல தொறுன்னு வரும், தொறுன்னா மாட்டு மந்தை, மந்தைய ஓட்டிட்டு போக வந்தவனோ மீட்கப் போனவனோ செத்திருப்பான், அத வட்டெழுத்துல எழுதியிருப்பாங்க. எழுத்து படிக்க வராட்டியும் படம் படிக்கலாம்.

இத பண்ணிட்டு பெங்களூர் போனா என்ன ஆகும்னு சொல்றேன். ஒரு வருஷம் எட்டாவது பசங்களக் கூட்டிட்டு போயிருந்தேன், எல்லாம் ஊத்தங்கரை, பர்கூர் பக்கத்துப் பசங்க. கவர்மெண்ட் மியூசியத்துல கல்லு வரிசையா நிக்கற எடத்துல ஒருத்தன் நின்னுட்டு, "சார், நம்ம வேடியப்பன் எப்படி சார் இங்க வந்தாரு?"ன்னு கேட்டான். கூட இருந்த வாத்தியாருங்க சிரிச்சாங்க. ஆனா அவன் சொன்னது சரிதான், நம்ம பக்கம் காட்டோரம், ஏரிக்கரைல வேடியப்பன்னு கும்புடறதுல நெறைய நடுகல்தான், வில்லும் கத்தியுமா நிக்கற அதே ஆளு. அவன் அத கும்புட்டு வளந்தவன், பாத்ததும் அடையாளம் தெரிஞ்சுடுச்சு. அந்த ஹால்ல அன்னிக்கு அந்தக் கல்லு முன்னாடி நின்னவங்கள்ல அவனுக்குத்தான் அது சொந்தக்காரன்.

அங்க ரெண்டு கல்லு மட்டும் பாத்தா போதும்.

ஒண்ணு பேகூர் கல்லு. யானையும் குதிரையும் வீரனுங்களுமா ஒரு போரே அந்தக் கல்லுக்குள்ள நடக்கும், கீழ விழுந்தவன், குத்துப்பட்டவன் எல்லாம் தெரியும். கங்கர்னு கர்நாடகப் பக்கத்து ராஜ வம்சம், அவங்க படைல நாகத்தரன்னு ஒரு தலைவன் தும்பெபாடிங்கற எடத்துல வீர மகேந்திரனோட சண்ட போட்டு செத்துட்டான், அவனுக்கு எடுத்த கல்லு. இந்த வீர மகேந்திரன் நுளம்ப ராஜான்னு சில பேரு சொல்றாங்க, அந்த நுளம்பருங்க 9-ஆம் நூற்றாண்டு கடைசில நம்ம தகடூரையும் கைல வெச்சிருந்தவங்க. தகடூர்னா நம்ம தருமபுரி. அது சரின்னா, அந்தக் கல்லுல எதிரியா வராரே, அவரு நம்ம ஊரு பக்கத்து ராஜா. பேகூர் எங்கன்னா, நீங்க காலைல மெட்ரோல வந்தீங்களே, பொம்மனஹள்ளி பக்கத்துல உள்ள தள்ளி இருக்கு. அங்க கோயில்ல இன்னொரு பழைய கல்லுல "பெங்களூரு" சண்டைன்னே எழுதியிருக்கு, அதனால வெந்த பயறு சாப்ட்ட ராஜா வெச்ச பேருன்னு சொல்ற கதைய புள்ளைங்க கிட்ட கதையாவே சொல்லுங்க, அந்த ராஜா காலத்துக்கு முன்னாடியே பேரு கல்லுல ஏறிடுச்சு.

ரெண்டாவது ஆதக்கூர் கல்லு, மண்டியா பக்கம் ஆதக்கூர்ல கெடச்சது, 949-950. பெருசா வீரன் யாரும் இருக்க மாட்டான். ஒரு நாயும் ஒரு காட்டுப் பன்னியும் ஒண்ணு மேல ஒண்ணு பாஞ்சு நிக்கும், சுத்தி எழுத்து. நம்ம ஆளுங்க "என்னடா நாய் படம்"னு போயிடுவாங்க. அந்த எழுத்துல என்ன இருக்குன்னா, ராஷ்டிரகூட ராஜா மூணாம் கிருஷ்ணன் சோழனோட தக்கோலத்துல போட்ட சண்ட, அதுல பராந்தக சோழன் மகன் ராஜாதித்தனக் கொன்னது கங்க ராஜா பூதுகன்னு எழுதியிருக்கு. நம்ம சோழர் கல்வெட்டுல ஆனை மேல் துஞ்சினார்னு வருமே, அந்த ராஜாதித்தன்தான். பூதுகன் கிட்ட மணலேரன்னு ஒரு வீரன், சண்டைல நல்லா போட்டிருக்கான், ராஜா சந்தோசப்பட்டு என்ன வேணும் கேள்றான்னா, ஊரு கேக்கல, பொன்னு கேக்கல, உங்க காளிங்கற வேட்டை நாயக் கொடுங்கன்னு கேட்டு வாங்கிட்டு வந்துட்டான். அந்தக் காளி ஒரு பெரிய காட்டுப் பன்னியோட மோதி, ரெண்டும் செத்துப் போச்சு. அவன் நாய்க்கு கல்லு நட்டு, நெலம் எழுதி வெச்சு, பூசைக்கும் ஏற்பாடு பண்ணான். அந்த நெலத்த அனுபவிக்கற பூசாரி கல்லுக்கு பூசை பண்ணாம சாப்ட்டா அந்த நாய் செஞ்ச பாவம் அவனுக்கு வரும்னு கடைசில சாபம் வேற. ஒரு சாம்ராஜ்யத்த ஆட்டம் காண வெச்ச போரு, அந்தக் கல்லுல நாய்க் கதைக்கு முன்னுரையா வருது.

பொண்ணு மூணாவதுதானேன்னு நெனைக்காதீங்க, இந்தக் கதை மட்டும் அவளுக்கு மறக்காது. வீட்டுல நாய் இருந்தா கேக்கவே வேணாம்.

கட்டடமே ஒரு சின்ன வேடிக்கை. இந்த மியூசியத்த 1865-ல ஆரம்பிச்சதுல முக்கியமான ஆளு எட்வர்டு பால்ஃபர்ங்கற டாக்டர், சென்னை மியூசியத்தையும் அவருதான் ஆரம்பிச்சாரு. மொதல்ல இது இருந்தது வேற எடத்துல, பழைய ஜெயில் கட்டடத்துல. அப்புறம் கஸ்தூர்பா ரோட்டுல இப்ப இருக்கற கட்டடத்த 1877-ல கட்டி இங்க மாத்திட்டாங்க, ஆனா அந்தப் பழைய ரோட்டுக்கு மியூசியம் ரோடுன்னு வெச்ச பேரு அப்படியே இருக்கு. அதனால ஆட்டோக்காரர் கிட்ட "மியூசியம் ரோடு"ன்னு சொல்லிடாதீங்க, மியூசியம் இல்லாத ரோட்டுல கொண்டு போய் விட்டுடுவாரு, கஸ்தூர்பா ரோடுன்னு சொல்லுங்க. பழைய கட்டடம்கறதால ரிப்பேர் வேலைன்னு மூடியும் வெப்பாங்க, கெளம்பறதுக்கு மொத நாள் ஒரு போன் போட்டு கேட்டுக்கோங்க. திங்கக்கெழம எக்காரணம் கொண்டும் போகாதீங்க, கவர்மெண்ட் மியூசியம், பிளானட்டோரியம் ரெண்டும் லீவு. நாங்க ஒரு தடவ போயி பூட்டின கேட்டு முன்னாடி நாப்பத்திரெண்டு புள்ளைங்களோட நின்னிருக்கோம், அந்த வாட்ச்மேன் எங்களப் பாத்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கு.

மியூசியம் மூடியிருந்தா அதுக்கு பதிலா லால்பாக் போயிடுங்க, பச்சை லைன்ல திரும்பற வழியிலயே லால்பாக் ஸ்டேஷன் வருது. ஹைதர் அலி 1760-ல ஆரம்பிச்ச தோட்டம், 240 ஏக்கர், 1889-ல கட்டின கண்ணாடி மாளிகை. எல்லாரும் அதப் பாத்துட்டு பூ பாத்துட்டு வந்துடுவாங்க, அங்க இருக்கற பாறை மேல ஏறி உக்காருங்க, சும்மா பாறை இல்ல, சுமார் 300 கோடி வருஷத்துப் பாறை, தேசிய புவியியல் சின்னம்னு போர்டு இருக்கும். ஆகஸ்ட் 15, ஜனவரி 26 ஒட்டி மலர்க் கண்காட்சி நடக்கற நாள்ல மட்டும் போகாதீங்க, பூவ விட தலைதான் அதிகமா தெரியும்.

அம்மா விஷயம். விஸ்வேஸ்வரய்யா மாடி மாடியா இருக்கு, கால் மணிக்கொரு தடவ உக்காரணும்னா கஷ்டம். நீங்களும் உங்க வீட்டுக்காரம்மாவும் மாத்தி மாத்தி ஒருத்தர் புள்ளைங்களோட, ஒருத்தர் அம்மாவோட கப்பன் பார்க்ல இருங்க, கீழ் மாடிய மட்டும் அம்மா பாக்கட்டும். ஆனா கவர்மெண்ட் மியூசியத்துக்கு அவங்களக் கட்டாயம் உள்ள கூட்டிட்டு போங்க. அந்த நாய்க் கல்லு முன்னாடி நீங்க கதைய சொல்ல வேணாம், படத்தக் காட்டிட்டு, நம்ம பக்கம் இந்த மாதிரி நாய்க்கு கல்லு இருக்கான்னு அம்மாவக் கேளுங்க. எங்கம்மா செங்கம் பக்கத்துக்காரங்க, நான் அங்க கூட்டிட்டு போய் நிறுத்தினப்ப, "இது என்னடா பெருசு, எங்க எடுத்தனூர்ல ஒரு நாய் எசமான் செத்த எடத்துல ரெண்டு திருடனக் கடிச்சுட்டு காவல் நின்னுச்சே"ன்னாங்க. வாஸ்தவம்தான், அந்தக் கல்லு 7-ஆம் நூற்றாண்டு, மகேந்திரவர்ம பல்லவன் காலம், ஆதக்கூர் காளிக்கு முந்நூறு வருஷம் முன்னாடி. நாய் பேரு கோவிவன்னு அதுல எழுதியே இருக்கு. எங்கம்மாவுக்கு எழுத்து தெரியாது, பேரு தெரியாது, கதை தெரியும்.

சாயந்தரம் நாலரைக்கெல்லாம் கெளம்பி மெட்ரோ புடிச்சுடுங்க, ஆபீஸ் விடற நேரத்துல மெஜஸ்டிக்ல லைன் மாறறது அம்மாவோட ஆகாத காரியம். பொம்மசந்திரால எறங்கி ரோட்டோரம் நின்னா கிருஷ்ணகிரி, சேலம், தருமபுரி பஸ்ஸுங்க வந்துட்டே இருக்கும், சனி ஞாயிறுன்னா நின்னுட்டுதான் வரணும், அதனால முடிஞ்சா புதன் வியாழன்ல போங்க.